விலை சொல்லாதவர்

"இந்த வண்டி என்ன விலை?" என்று கேட்டவுடன் அவர் முதலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார். பிறகு காபியா, கூல்டிரிங்ஸா என்று விசாரிப்பார். நம்மோடு வந்திருக்கும் சிறு பிள்ளையின் பெயர், படிக்கும் வகுப்பு, அதற்குப் பிடித்தமான நிறம் முதலிய விவரங்களையெல்லாம் அன்பொழுகக் கேட்டுத் தெரிந்துகொள்வார். பிள்ளை நீலம் என்று சொல்லிவிட்டால், நீல நிறத்தின் மகிமையைக் குறித்து ஒரு சிறு பிரசங்கம் நடைபெறும். காபி வந்து, ஆறி, குடித்தும் முடிந்து, கோப்பையை எடுத்துப் போக ஆளும் வந்துவிடும். விலை மாத்திரம் வந்திருக்காது.

கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஒரு டேப்லெட்டுமாக, கோவில்பட்டி, தூத்துக்குடி, திருநெல்வேலி நெடுஞ்சாலை ஓரங்களில் எழும்பி நிற்கும் கார் ஷோரூம் என்னும் கண்ணாடி மாளிகைகளில் அவரை எந்நேரமும் தரிசிக்கலாம். ஆனால் விளாத்திகுளத்திலிருந்தும், நாகலாபுரம், புதூர், சூரங்குடி, குளத்தூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமங்களிலிருந்தும் ஒரு குடும்பம் புறப்பட்டு அவர் சந்நிதிக்கு வந்து சேருவது சாமானியமான சம்பவம் அல்ல. மழை காலத்தில் பெய்து, உளுந்தும் பாசியும் ஓரளவு கைகொடுத்து, மிளகாய் வத்தலுக்குக் கமிஷன் கடையில் மனசு நிறைகிற மாதிரி ஒரு விலையும் கிடைத்த அபூர்வமான வருஷத்தில், இருக்கன்குடிக்கும் திருச்செந்தூருக்கும் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கும் வாடகை வண்டி பேசிப் பேசி அலுத்துப்போன ஒரு பெரிய குடும்பம், பாட்டியையும் விட்டுவிடாமல் ஏழு பேரும் ஒன்றாகப் போக ஒரு வண்டி வேண்டும் என்று தீர்மானித்து, நல்ல நாள் பார்த்து, ராகுகாலம் கழித்து வந்து நிற்கிறது. அது கேட்பது ஒரே ஒரு கேள்வி. அந்த ஒன்றுக்குத்தான் அவரிடம் பதில் கிடையாது.

"சொல்லிருதேன் அண்ணாச்சி. மொதல்ல வண்டிய ஓட்டிப் பாத்திருங்க."

ஓட்டிப் பார்த்தாகிறது. நாற்கரச் சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, வண்டி நன்றாயிருக்கிறது, இனி விலையைச் சொல்லலாமல்லவா என்று வினயமாகக் கேட்டால், "எந்த மாடல்னு முடிவு பண்ணிட்டீகளா?" என்று அவர் கேட்பார். இன்ன மாடல் என்றால், "பெட்ரோலா, சி.என்.ஜி.யா?" பெட்ரோல் என்றால், "கியர் போடுறதா, ஆட்டோமேட்டிக்கா?" கியர் போடுவது என்றால், "கேஷா, லோனா?" கேஷ் என்றால் அவர் முகத்தில் ஒரு வாட்டம் தெரியும்; உற்றாரில் யாரோ காலமான சேதியைக் கேட்டவருக்கே அந்த வாட்டம் பொருந்தும். லோன் என்று சொல்லிவிட்டாலோ, உற்சாகத்தோடு நாற்காலியை முன்னுக்கு நகர்த்திக்கொண்டு, மாதம் இவ்வளவு கட்டினால் போதும் என்று ஒரு தொகையைச் சொல்வார். அதை எத்தனை மாதம் கட்டவேண்டும் என்று கேட்பவன் பண்பில்லாதவன்.

விளாத்திகுளத்தில் வாழ்ந்து மறைந்த நல்லப்ப சுவாமிகள், விளாத்திகுளம் சுவாமிகள் என்றே சங்கீத உலகம் அறிந்த அந்த மகானுபாவர், ஒரே ராகத்தை மணிக்கணக்காக விஸ்தாரம் செய்து பாடுவதில் பேர் பெற்றவர் என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நம் விற்பனைப் பிரதிநிதிக்குச் சங்கீத ஞானம் உண்டோ இல்லையோ, விலை என்னும் பல்லவிக்கு வராமலே ஆலாபனையை நீட்டுகிற வித்தையில் அவர் சுவாமிகளின் ஊர்க்காரர்களுக்கே பாடம் நடத்தக்கூடியவர். சுவாமிகளைக் கேட்டவர்கள் மெய்ம்மறந்து உட்கார்ந்திருந்தார்கள். இவரைக் கேட்பவர்கள் கடைசிப் பஸ்ஸை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

விலை என்று ஒன்று இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. பத்திரிகை விளம்பரத்தில் முழுப்பக்கத்துக்கு அச்சடித்திருக்கிறது. ஆனால் அது 'எக்ஸ் ஷோரூம்' விலை. அந்த விலைக்கு வண்டி ஷோரூமுக்குள் நிற்கும். வாசலைத் தாண்டித் தெருவில் இறங்குவதற்கு வேண்டியது 'ஆன் ரோடு' விலை. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற பிரதேசத்தில்தான் நம் நண்பர் குடித்தனம் நடத்துகிறார்.

அந்தப் பிரதேசத்தை நானே கொஞ்சம் சுற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அவர் சொல்லமாட்டார் ஆகையால். தமிழ்நாட்டில் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் காருக்கு ஆயுட்கால வரியை ஒரே தவணையில் கட்டவேண்டும். முன்பு 10 லட்சம் வரை 10 விழுக்காடு, அதற்கு மேல் 15 என்று இருந்தது. 2023 நவம்பர் 9 முதல் 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 என்று ஆயிற்று. வரியைக் குறித்து எனக்குப் புகார் இல்லை. அது எல்லோருக்கும் ஒன்று, எழுதி வைத்தது, கேட்டால் சொல்லக்கூடியது. புகாரெல்லாம் அந்தப் 10 லட்சம் என்னும் கோட்டைக் குறித்து நம்மவர் சாதிக்கிற மௌனத்தின் மீதுதான். சரியாக 10 லட்சம் விலையுள்ள வண்டியின் முன் நாம் நின்றுகொண்டிருக்கும்போது, "இருபதாயிரம் கூடப் போட்டா அடுத்த மாடலே வந்துரும் அண்ணாச்சி, பின்சீட்டுக்கும் ஏசி வென்ட் இருக்கு, பாட்டி காத்தோட்டமா வருவாக" என்று அவர் கருணையோடு எடுத்துரைப்பார். பாட்டியின் பெயரைச் சொன்னபிறகு மறுப்பவன் மனிதனா? ஆனால் அந்த இருபதாயிரம் கூடியதும் வரி 13-லிருந்து 18-க்குத் தாவி, 1,30,000 ரூபாய் 1,83,600 ரூபாயாகிவிடுகிறது. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 1 விழுக்காடு வருமானவரியை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு 2016-லிருந்து அமலில் இருப்பதால் அதற்கு ஒரு 10,200. வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்தால் இந்தப் பின்னதைத் திரும்பப் பெறலாம் என்பதும் உண்மையே. கரிசல் சம்சாரி வருமானவரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் காட்சியை மனத்தில் கொண்டுவர எனக்குச் சக்தி போதாது. ஆகக் கூடி, இருபதாயிரம் என்று வாயால் சொன்னது கையால் கட்டும்போது 83,800 ஆகிறது. பாட்டிக்குக் காற்று வாங்கிய செலவு.

இவ்வளவையும் அவர் நம்மிடம் மறைத்தார் என்று சொல்லிவிடவும் முடியாது. கடைசியில் ஒரு காகிதத்தில் எழுதித்தான் தருகிறார். அந்தக் காகிதத்துக்குக் கொட்டேஷன் என்று பெயர். டேப்லெட்டில் சகலமும் இருக்க, கொட்டேஷனை மட்டும் ஏதோ பழைய விளம்பரத் தாளின் முதுகில் பேனாவால் கிறுக்கித் தருவதன் தாத்பரியம், அதை நாளைக்கு யாரும் சாட்சிக்குக் கொண்டுபோக முடியாது என்பதாகத்தான் இருக்கவேண்டும். வண்டி விலை, வரி, பதிவு, இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக் என்று தெரிந்த பெயர்கள் மேலே வரும். அவற்றின் கீழே, கல்யாண வீட்டுப் பந்தியில் யார் என்றே தெரியாமல் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆசாமிகளாக, ஆக்சசரீஸ் கிட், எக்ஸ்டெண்டட் வாரண்டி, டெஃப்லான் கோட்டிங், ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரிசை. இந்த ஹேண்ட்லிங் சார்ஜ் எதற்கு என்று ஒரு முறை கேட்டேன். "வண்டிய ஹேண்டில் பண்றதுக்கு அண்ணாச்சி" என்றார். எங்கிருந்து எதுவரைக்கும் என்றேன். "யார்டுலேர்ந்து இங்க வரைக்கும்." நான் இங்கே வைத்துத்தானே விலை கேட்கிறேன் என்றேன். "அதான் அண்ணாச்சி" என்றார். எங்கள் இருவரில் யாருக்குத் தர்க்கம் தெரியும் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் அவர் வார்த்தைக்கு வேதவாக்கின் தொனி வந்துவிடும். புதிய காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸை மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்கவேண்டும் என்பது உச்சநீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் முதல் வந்த விதி. அதை யாரிடம் எடுப்பது என்பது வாங்குகிறவர் இஷ்டம். ஷோரூமில்தான் எடுக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இதை எடுத்துச் சொன்னால் அவர் மறுத்துப் பேசமாட்டார். "தாராளமா வெளிய போட்டுக்கிடலாம் அண்ணாச்சி," என்று பெருமூச்செறிந்து, "நாளைக்கு நடு ராத்திரி எட்டயபுரம் தாண்டி எங்கயாவது ஒண்ணுன்னா..." என்று வாக்கியத்தை அந்தரத்தில் விட்டுவிட்டுக் கூரையைப் பார்ப்பார். அந்த மௌனத்தின் விலை சில ஆயிரம் ரூபாய்.

எங்கள் பக்கத்து மாட்டுத் தரகர்களை நாகரிகம் தெரியாதவர்கள் என்று பட்டணத்தார் சொல்வதுண்டு. துண்டுக்கு அடியில் கைவிரலைப் பிடித்து, சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாமல் விலை பேசுகிறார்களாம். வெளிப்படையான வியாபாரம் இல்லையாம். இருக்கட்டும். துண்டுக்கு அடியிலாவது அங்கே ஒரு விலை இருக்கிறது. வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் அது தெரிந்துவிடுகிறது, ஊருக்குத்தான் தெரிவதில்லை. இங்கோ எல்லாம் கண்ணாடி, எல்லாம் வெளிச்சம், எங்கும் குளிர்சாதனம். ஊருக்கெல்லாம் விளம்பரத்தில் ஒரு விலை தெரிந்திருக்கிறது, வாங்குகிறவனுக்கு மட்டும் தெரியாது.

சென்ற 2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார் ஜி.எஸ்.டி.யை மாற்றியமைத்த சமயம், அவருக்கு வாழ்நாளில் ஒரு சோதனை வந்தது. நாலு மீட்டருக்கு உட்பட்ட நீளமும் சிறு எஞ்சினும் உள்ள ஈக்கோ, ட்ரைபர் போன்ற வண்டிகளுக்கு 18 விழுக்காடு, அதைவிட நீண்ட எர்டிகா, கேரன்ஸ், இன்னோவா வகைகளுக்கு 40 விழுக்காடு என்று 22-ஆம் தேதி முதல் ஏற்பட்டது. முன்பு 28-உம் அதன் தலைமேல் செஸ்ஸுமாக இருந்ததால் எல்லாமே ஏதோ கொஞ்சம் இறங்கின. எவ்வளவு இறங்கியது என்று பத்திரிகைகளிலெல்லாம் வந்துவிட்டது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் தொகையைச் சொன்னார்கள். அவர் நிலைமை தர்மசங்கடமாயிற்று. ஆனாலும் ஒரு வாரத்துக்குள் சமாளித்துக்கொண்டார். "விலை கொறஞ்சிருக்கு அண்ணாச்சி, அதனால ஆஃபர எடுத்துட்டாக" என்றார். ஆஃபர் எவ்வளவு இருந்தது என்று கேட்டேன். அதை முன்னாலும் அவர் சொன்னதில்லை.

விலையைத் தவிர அவருக்கு வேறு குணங்களும் உண்டு. மேனேஜரைக் கேட்டு வருகிறேன் என்று கண்ணாடி அறைக்குள் போய், நமக்காக வாதாடிக் களைத்த முகத்தோடு திரும்பி வருவார். மாதக் கடைசியில் அவசரப்படுத்துவார். டிசம்பரில் மிகவும் அவசரப்படுத்துவார். வண்டி எந்த மாதம் தயாரானது என்று கேட்டால், செசி நம்பரிலேயே அந்தச் சங்கதி அடங்கியிருந்தும், அவருக்குத் திடீரென்று ஒரு போன் வந்துவிடும்.

பழைய காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். அம்பாசிடருக்கும் பியட்டுக்கும் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்காகக் காத்துக்கிடந்த காலம் அது. 1984-இல் மாருதி வேன் வந்து, பின்பு ஆம்னி என்று பேர் மாற்றிக்கொண்டு, 2019 வரையில் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் நம் ஊர்களில் ஓடி ஓய்ந்தது. அந்த நாள் கம்பெனி ஏஜெண்டு நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார், உட்காரச் சொல்லமாட்டார், வண்டி எப்போது வரும் என்று கேட்டால் வரும்போது வரும் என்பார். ஆனால் விலை என்ன என்று கேட்டால் அந்தக் கணமே சொல்லிவிடுவார். மரியாதை இருந்தால் விலை இல்லை, விலை இருந்தால் மரியாதை இல்லை என்று இந்த வியாபாரத்தை விதித்தவன் எவன் என்று தெரியவில்லை.

மரியாதை என்று சொன்னதால் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். இதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மேலே வர்ணித்த நாற்காலி, காபி, குழந்தை விசாரிப்பு எல்லாம் பேண்ட் சட்டைக்கு நடக்கிற உபசாரம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்பைப் பளிங்குத் தரையில் வைக்கக் கூசி வாசலிலேயே கழற்றிவிட்டு வருகிற பெரியவருக்கு அது நடப்பதில்லை. அவரை யாரும் வையமாட்டார்கள், பார்க்கமாட்டார்கள், அவ்வளவுதான். அவர் வண்டியின் கதவைத் தொட்டால் மட்டும் தூரத்திலிருந்து ஒரு குரல் வரும். வத்தல் விற்ற பணம் மடியில் இருக்கிறது என்று அவரும் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்று 2017 ஏப்ரலிலிருந்து சட்டம் இருக்கிறது. 2022 ஜனவரியில் கர்நாடகத்தில் தும்கூரு ஊரில் ஒரு விவசாயி சரக்கு வண்டி வாங்கப் போனபோது, உன் பையில் பத்து ரூபாய்கூட இருக்காது என்கிற மாதிரி ஒரு விற்பனையாளர் பேசப்போக, விவசாயி சீக்கிரமே பத்து லட்ச ரூபாயோடு திரும்பி வந்து நின்றதும், உடனே வண்டி கொடுக்க அவர்களால் முடியாமற் போனதும், கடைசியில் கம்பெனியே வருத்தம் தெரிவித்து வண்டியைக் கொடுத்ததும் தேசம் முழுவதும் பிரசித்தமாயின. எல்லோரும் கைகொட்டிச் சிரித்தோம். அந்த விவசாயிக்குச் சிநேகிதர்களும் அவசரத்துக்குப் பணமும் கையில் ஒரு செல்போனும் இருந்தன. அவை இல்லாதவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். அந்தக் கதை ஒரு பத்திரிகையிலும் வருவதில்லை. வண்டி வாங்க வந்தவனை உட்காரச் சொல்லுவதற்கு மேனேஜரின் அனுமதி வேண்டியதில்லை. இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

ஆனால் கோபத்தை முழுசாக நம் பிரதிநிதிப் பையன் தலையில் கொட்டவும் மனம் வரவில்லை. பையன் என்றுதான் சொல்லவேண்டும். மீசை அரும்பி நாலு வருஷம் இருந்தால் அதிகம். விசாரித்ததில் மெக்கானிக்கல் எஞ்சினீயரிங் படித்தவன், வானம் பார்த்த பூமியில் சோளமும் உளுந்தும் போட்டு அவனைப் படிக்கவைத்த தகப்பன் ஒருவர் ஊரில் இருக்கிறார் என்று தெரியவந்தது. சம்பளம் சொற்பம். வண்டி விற்பதில் முதலாளிக்கே பெரிய லாபம் நிற்பதில்லையாம். இன்சூரன்ஸ், லோன், ஆக்சசரீஸ் ஆகிய பந்தியோரத்து ஆசாமிகள்தான் ஷோரூமின் மின்சாரக் கட்டணத்தைக் கட்டுகிறார்கள், இவனுடைய ஊக்கத்தொகையும் அவர்கள் மடியிலிருந்தே வருகிறது. அவன் விலையைச் சொல்லாததற்குக் காரணம் கபடம் மட்டும் அல்ல. பாதி நேரம் அவனுக்கே விலை தெரியாது. வண்டி எத்தனை மாதம் யார்டில் வெயில் காய்ந்தது, இந்த மாதம் இலக்கில் எத்தனை பாக்கி, எதிர்க் கம்பெனிக்காரன் எவ்வளவு தள்ளிக் கொடுக்கிறான் என்பவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துக் கண்ணாடி அறையில் தீர்மானமாவது அது. ஏழு பேர் வண்டியைப் புகழ்ந்து புகழ்ந்து விற்றுவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு அவன் ஒரு பழைய பைக்கை உதைத்து உயிர்ப்பித்துக்கொண்டு போவதைப் பார்த்தவர்கள் அவனை முழு மனத்தோடு வெறுக்க முடியாது.

வண்டி எடுக்கிற நாளில் அவன் உற்சாகத்தையும் பார்க்கவேண்டும். பட்டுத் துணி போர்த்திய வண்டியை நம் வீட்டுப் பாட்டியைக் கொண்டே திறக்கவைத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஆள் உயரத்துக்கு ஒரு அட்டைச் சாவியை நம் கையில் கொடுத்துப் படம் எடுத்து, கேக் வெட்டி, மணி அடித்து, சொந்த அண்ணன் மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பிவைப்பவன் கண்கலங்குகிற அளவுக்குக் கலங்குவான். அது நடிப்பா என்று நான் ஆராயவில்லை. நடிப்பென்றாலும் கூலிக்குத் தகுந்ததைவிட அதிகமாகவே நடித்தான்.

பிறகு சில நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் வாசலில் அந்தப் பைக்கின் சத்தம் கேட்டது. வண்டியைப் பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றான். பாட்டியை விசாரித்தான். காபி குடித்தான். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "கம்பெனிலேர்ந்து போன் வரும் அண்ணாச்சி. எப்படிக் கவனிச்சாகன்னு கேப்பாக. பத்துக்கு எத்தன மார்க்குன்னு கேப்பாக" என்றான்.

எவ்வளவு சொல்லவேண்டும் என்று கேட்டேன்.

"பத்து."

யோசிக்கவில்லை, டேப்லெட்டைப் பார்க்கவில்லை, மேனேஜரைக் கேட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. அவன் வாயிலிருந்து கூட்டலும் கழித்தலும் இல்லாமல் ஓர் எண் வெளிவந்ததை முதன்முதலாக அன்றுதான் கேட்டேன். ஹேண்ட்லிங் சார்ஜை நினைத்துக்கொண்டு, ஒன்பது போதாதா என்றேன்.

"ஒம்பதும் பூச்சியமும் ஒண்ணுதான் அண்ணாச்சி. சம்பளத்துல கை வைப்பாக."

மறுநாளே போன் வந்தது. பத்து என்று சொல்லிவிட்டு, வேட்டி கட்டியவர்களை உட்காரச் சொல்லவேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளும்படி கேட்டேன். அந்தப் பெண், அதற்குத் தன் படிவத்தில் இடமில்லை என்று மிகுந்த மரியாதையோடு தெரிவித்தாள்.